வக்ஃபு காத்த வீதிகள்: பினாங்குத் துறைமுகத்தில் நம் முன்னோர்

நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், பரங்கிப்பேட்டை, கடையநல்லூர், இராமநாதபுரத்துக் கடலோர ஊர்கள் என எங்கே சென்று ஒரு பழைய முஸ்லிம் குடும்பத்தின் வம்சாவளியை விசாரித்தாலும், ஏதேனும் ஒரு தலைமுறையில் ‘பினாங்கு’ என்ற சொல் வந்து நிற்கும். பாட்டனார் அங்கே கடை வைத்திருந்தார் என்பார்கள். பெரிய வாப்பா கப்பலேறிப் போனவர் திரும்பவே இல்லை என்பார்கள். வீட்டுப் பரணில் கிடக்கும் பீங்கான் தட்டும் மரப்பெட்டியும் அங்கிருந்து வந்தவை என்பார்கள். ஆனால் அந்தப் பாட்டனார் எந்த வீதியில் வாழ்ந்தார், எந்தப் பள்ளியில் தொழுதார், எந்த மையவாடியில் அடங்கியிருக்கிறார் என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை.

அந்த வீதிகள் இன்றும் இருக்கின்றன. மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் நகரின் துறைமுகத்தை ஒட்டி, சூலியா வீதியும் அதைச் சுற்றிய தெருக்களுமாக அந்த மஹல்லா உயிரோடு இருக்கிறது. துறைமுகம் தன் பழைய முகத்தை இழந்த பின்னும், கப்பல் நின்றுபோன பின்னும், வாடகை உயர்ந்து குடும்பங்கள் வெளியேறிய பின்னும் அங்கே ஐவேளை பாங்கொலி நிற்கவில்லை. அது எப்படி நிலைத்தது என்பதை அறிந்துகொள்வது நம் ஊர்களுக்கும் நம் பிள்ளைகளுக்கும் பயன்தரும் என்று கருதுகிறோம்.

நகருக்கு முன்பே வந்தவர்கள்

1786ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பினாங்குத் தீவில் கொடியேற்றினார். அன்றைய இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரால் நகருக்கு ஜார்ஜ் டவுன் என்று பெயரிடப்பட்டது. நகரின் வரலாற்றை அந்த நாளிலிருந்து தொடங்குவது நூல்களின் வழக்கம். நம் மக்களின் வரலாறு அதற்கும் முந்தியது.

தீவு அப்போது கெடா சுல்தானுடைய ஆட்சிக்கு உட்பட்டது. எதிர்க்கரையிலிருந்த கெடாவின் துறைகளில் சோழமண்டலக் கரையின் முஸ்லிம் வணிகர்கள் நெடுங்காலமாகவே துணி கொண்டுபோய் விற்று, தகரமும் மிளகும் பாக்கும் கொள்முதல் செய்து வந்தனர். அவர்களைச் ‘சூலியா’ என்று அழைத்தனர். புதிய துறைமுகம் திறந்ததும் அவர்களில் பலர் தீவுக்கு வந்து சேர்ந்தனர். 1790களில் லைட் எழுதிய அறிக்கை ஒன்றில், சூலியாக்களில் பெரும்பாலோர் நெடுநாள் கெடாவில் வாழ்ந்தவர்கள் என்றும், சிலர் அங்கேயே பிறந்தவர்கள் என்றும் குறிப்பிடுகிறார். குடியிருந்தோர் ஏறத்தாழ ஆயிரம் பேர். அவர்களைத் தவிர, ஆண்டுதோறும் கரையிலிருந்து வரும் மரக்கலங்கள் 1,300 முதல் 2,000 பேர் வரை கொண்டுவந்து இறக்கின என்றும், அவர்கள் சில காலம் உழைத்துப் பொருளீட்டிக்கொண்டு ஊர் திரும்பினர் என்றும் அவ்வறிக்கையால் அறிகிறோம்.

சஃபர் போவதும், சில ஆண்டு உழைப்பதும், ஊர் திரும்பித் திருமணம் முடிப்பதும், மறுபடி கப்பலேறுவதுமான நம் கடலோர வாழ்க்கை முறை வளைகுடா நாடுகளோடு தொடங்கியதன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் வீடுகளில் பெண்கள் காத்திருந்தார்கள். பிள்ளைகள் தகப்பன் முகம் அறியாமல் வளர்ந்தார்கள்.

லைட் வகுத்த முதல் தெருக்களில் சூலியா வீதியும் ஒன்று. துறைமுகத்துக்குச் செங்குத்தாக, கடலிலிருந்து நகருக்குள் செல்லும் வீதி அது. மரக்கலத்திலிருந்து இறங்கியவர் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நேராக நடந்தால் தம் மக்களிடம் வந்து சேர்ந்துவிடுவார்.

பள்ளியும் அதன் நிலமும்

1801ஆம் ஆண்டு இந்த மஹல்லாவின் வரலாற்றில் மிக முக்கியமானது. அன்றைய துணை ஆளுநர் ஜார்ஜ் லீத், முஸ்லிம்கள் பள்ளிவாசல் கட்டிக்கொள்ளவும் மையவாடி அமைத்துக்கொள்ளவும் நகரின் நடுவே 18 ஏக்கர் நிலத்தை வழங்கினார். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் முஹ்யித்தீன் என்னும் வணிகர் அச்சமூகத்தின் தலைவராக, ‘கப்பித்தான்’ ஆக நியமிக்கப்பட்டார். அவர் முன்னின்று எழுப்பிய பள்ளியே இன்று ‘கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல்’ என்று அறியப்படுகிறது. ‘கிளிங்’ என்பது கலிங்கம் என்ற பெயரிலிருந்து பிறந்த சொல் என்பர். அக்காலத்தில் தென்னிந்தியரைக் குறிக்கும் பொதுச் சொல்லாக இருந்தது. பிற்காலத்தில் இழிவுப் பொருள் ஏறிவிட்டதால் இன்று ஒருவரை அப்படி அழைப்பது அவமதிப்பாகும். பள்ளியின் பெயரில் மட்டும் அது வரலாறாக எஞ்சியிருக்கிறது.

நகரின் மையத்தில் 18 ஏக்கர் என்பது சிறிய அளவன்று. பள்ளி கட்டவும் அடக்கம் செய்யவும் தேவையானது போக எஞ்சிய இடத்தில் மக்கள் குடியேறினர். மோதினாரும் ஆலிமும் கூலியாளும் வணிகரும் ஒரே வளாகத்துக்குள் அடுத்தடுத்து வாழ்ந்தனர். கடைகள் எழுந்தன, அவற்றின் வாடகை பள்ளிக்கு வந்தது. 1834இல் மறைந்த காதர் முஹ்யித்தீன் தம் சொத்திலும் ஒரு பகுதியை மரண சாசனத்தின் வழியே அறப்பணிக்கு விட்டுச்சென்றார். கம்போங் கோலம் வீதியில், பள்ளிக்கு அண்மையிலேயே அவர் அடங்கியிருக்கிறார்.

வக்ஃபு என்பதன் அடிப்படையை நாம் அறிவோம். கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, மூலத்தை நிறுத்தி வைத்து அதன் பலனைத் தர்மம் செய்யுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். விற்கப்படாத, அன்பளிப்பாகக் கொடுக்கப்படாத, வாரிசுகளால் பங்கிடப்படாத சொத்தாக அது ஆனது. வணிகர்களின் நகரத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு. விலை சொல்ல முடியாத ஒரு நிலத்தை அந்த நகரத்தின் நடுவே வைத்துவிட்டுப் போனதுதான் நம் முன்னோர் செய்த பெருங்காரியம்.

பிறரும் அந்த வழியில் நடந்தனர். சூலியா வீதியும் கிங் வீதியும் சந்திக்கும் முனையில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் நினைவாகத் தர்கா ஒன்று எழுந்தது. கடல் கடந்தவர்கள் ஊரின் நினைவைக் கட்டடமாக்கிக்கொண்டார்கள். பெரும் கப்பல் வணிகரான முஹம்மது நூர்தீன் மரைக்காயரின் குடும்ப அடக்கத்தலம் சூலியா வீதியிலேயே இருக்கிறது. சற்றுத் தள்ளி ஆச்சே வீதியில், 1808இல், தெங்கு சையிது ஹுசைன் என்னும் ஹள்ரமி அரபு மரபினர் ஒரு பள்ளி கட்டினார். அதைச் சுற்றி அரபியரும் ஆச்சே நாட்டவரும் மலாய்க்காரரும் குடியமர்ந்தனர். தமிழ் பேசும் ஜமாஅத்தும் மலாய் பேசும் ஜமாஅத்தும் சில நிமிட நடைத் தொலைவில் அருகருகே வளர்ந்தன.

அதே நெடுஞ்சாலையில் 1818இல் ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் தேவாலயமும், அதற்கும் முன்பே சீனரின் குவான் இன் கோவிலும், 1833இல் குயின் வீதியில் மகாமாரியம்மன் கோவிலும் எழுந்தன. அவரவர் வழிபாட்டை அவரவர் பேணிக்கொண்டே பக்கத்தில் பக்கமாக வாழும் பழக்கம் இப்படித்தான் அந்த நகரில் வேரூன்றியது.

துறைமுகத்தின் உழைப்பு

1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் நீராவிக் கப்பல்கள் பெருகின. பேராக் நாட்டின் தகரமும் பின்னர் ரப்பரும் பினாங்கு வழியே உலகுக்குச் சென்றன. 1880களில் கடலை நிரப்பி வெல்டு கரைச்சாலை அமைக்கப்பட்டது. 1904இல் சுவெட்டன்ஹாம் பாலத்துறை கட்டப்பட்டது. அதற்கு முன்பெல்லாம் பெரிய கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கும் ஆளும் தொங்காங் எனப்படும் பெரும் படகுகளில்தான் கரைசேர வேண்டும்.

அந்த வேலைகளில் நம் மக்கள் நிறைந்திருந்தனர். படகோட்டினர், மூட்டை சுமந்தனர், கப்பல்களுக்கு வேண்டிய பண்டங்களை விநியோகித்தனர், நாணயம் மாற்றிக் கொடுத்தனர், புத்தகக் கடையும் எழுதுபொருள் கடையும் நடத்தினர். கடலோர ஊர்களின் ஆண்கள் பெரும்பாலும் தனியே வந்தார்கள். கடையநல்லூர், தென்காசிப் பகுதியின் நெசவாளர்களோ தறித்தொழில் நசிந்தபோது குடும்பத்தோடு கப்பலேறினர். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அக்குடும்பப் பெண்கள் மிளகாயும் மசாலாவும் அரைத்து விற்று வீட்டைத் தாங்கியது பல குடும்பங்களில் இன்றும் நினைவிருக்கும்.

துறைமுகத்துப் பசிதான் ‘நாசி கண்டார்’ என்ற உணவையும் உண்டாக்கியது. ‘நாசி’ என்றால் சோறு. ‘கண்டார்’ என்பது தோளில் காவும் காவடித்தண்டு. தண்டின் ஒரு முனையில் சோற்றுப் பானை, மறுமுனையில் குழம்புச் சட்டிகள். அதைத் தோளிலேற்றிக்கொண்டு நம்மவர் விடியற்காலையிலேயே கரைச்சாலைக்குப் போய்த் தொழிலாளருக்குச் சோறு விற்றனர். இன்று மலேசியாவின் தேசிய உணவுகளில் ஒன்றாகக் கொண்டாடப்படுவது, ஒரு காலத்தில் மூட்டை தூக்கியவரின் காலையுணவு. 1907இல் தொடங்கிய ஹமீதிய்யா உணவகம் இன்றும் கேம்பல் வீதியில் இயங்கி வருகிறது.

பினாங்கு ஹஜ் பயணத்தின் வாசலாகவும் இருந்தது. சுமத்ரா, மலாயா, தென் சயாம் ஆகிய இடங்களின் ஹாஜிகள் ஆச்சே வீதியில் தங்கியிருந்து ஜித்தாவுக்குக் கப்பலேறினர். இதனால் அவ்வட்டாரம் ‘இரண்டாம் ஜித்தா’ என்று பெயர் பெற்றது. ஹாஜிகளுக்கு இடம், உணவு, இஹ்ராம் துணி, கிதாபு எனப் பல தொழில்கள் தழைத்தன. நாகூர் குலாம் காதிறு நாவலர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பினாங்கில் தங்கி ‘வித்தியா விசாரிணி’ என்ற தமிழ் இதழை நடத்தினார். கூலிக்கு வந்தவர்கள் கல்வியையும் கூடவே கொண்டுபோனார்கள் என்பதற்கு அது ஒரு சான்று.

அங்கேயே மலாய்ப் பெண்களை மணந்து தங்கிவிட்டவர்களின் சந்ததியினர் ‘ஜாவி பெக்கான்’ என்று அழைக்கப்பட்டனர். மலாய் மொழியில் கப்பல் ‘காப்பால்’ ஆகவும் கடை ‘கெடாய்’ ஆகவும் வழங்குகின்றன. தமிழ் முஸ்லிம்களைக் குறிக்கும் ‘மாமாக்’ என்ற சொல்லும் ‘மாமா’ என்ற நம் உறவுச் சொல்லிலிருந்தே பிறந்தது.

மறைக்கக் கூடாத ஒரு பக்கம்

முன்னோரின் பெருமையை மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவது நேர்மையாகாது. 1867ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜார்ஜ் டவுன் வீதிகளில் பத்து நாட்கள் பெருங்கலவரம் நடந்தது. கீ ஹின், தோ பே கொங் என்னும் இரு சீன இரகசியக் குழுக்களிடையே மூண்ட பகை அது. ஆனால் முஸ்லிம்களும் ‘வெள்ளைக் கொடி’, ‘சிவப்புக் கொடி’ என்று இரு பிரிவாகி, ஒவ்வொரு பிரிவும் ஒரு சீனக் குழுவோடு கூட்டுச் சேர்ந்து மோதின. முஹர்ரம் ஊர்வலங்களை ஒட்டி வளர்ந்த சங்கங்கள் அவை. ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள் கொடியின் நிறத்துக்காக ஒருவரையொருவர் தாக்கினர். அரசாங்கம் விசாரணைக் குழு அமைத்தது.

பிழைக்க வந்த இடத்தில் பாதுகாப்புக்காகச் சங்கம் சேர்வது இயல்பு. அந்தச் சங்கமே மார்க்கத்தை விடப் பெரிதாகும்போது அது அஸபிய்யத் ஆகிவிடுகிறது. ஒரே ஊரில் இரண்டு ஜமாஅத், ஒரே தெருவில் இரண்டு பெருநாள் என்று பார்த்துப் பழகிய நமக்கு இந்தப் பக்கம் அந்நியமானதன்று.

வக்ஃபுக்கு நேர்ந்தது

காலப்போக்கில் வக்ஃபு நிலத்துக்கும் சோதனைகள் வந்தன. முதலாவது சோதனை நீதிமன்றத்திலிருந்து வந்தது. ஆங்கிலேயச் சட்டத்தில், சொத்தை என்றென்றைக்கும் முடக்கி வைக்கக் கூடாது. பொதுநல அறத்துக்கு மட்டுமே விலக்கு உண்டு. எது அறம் என்பதையும் அச்சட்டமே வரையறுத்தது. ஆகவே நீரிணைக் குடியேற்றங்களின் நீதிமன்றங்கள், சந்ததியினர் நலனுக்கென்றும் கந்தூரி நடத்துவதற்கென்றும் முஸ்லிம்கள் எழுதிவைத்த சாசனங்கள் பலவற்றைச் செல்லாதவை என்று தள்ளின. ஷரீஅத்தில் வக்ஃபாக நின்றது சட்டத்தில் வெறும் காகிதமாயிற்று.

இரண்டாவது சோதனை நமக்குள்ளிருந்தே வந்தது. முத்தவல்லிகள் மாறினர், கணக்குகள் தெளிவில்லாமல் போயின, நிலம் குறைந்த வாடகைக்கு நெடுங்காலக் குத்தகையாகக் கைமாறியது, எல்லைகள் சுருங்கின. இறுதியில் அரசாங்கம் தலையிட்டு, 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் முஹமதிய, இந்து அறக்கட்டளை வாரியத்தை அமைத்தது. நகரின் முக்கிய வக்ஃபு சொத்துகள் அதன் நிர்வாகத்தின்கீழ் வந்தன.

இதன் விளைவு இருவகைப்பட்டது. பள்ளியைச் சுற்றியிருந்த நெருக்கமான குடியிருப்புகள் அகற்றப்பட்டன. வரிசைக் கடைகள் கட்டி வருவாய் பெருக்கப்பட்டது. அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூபிரானர் என்னும் கட்டடக் கலைஞரின் வரைபடப்படி பள்ளி விரிவாக்கப்பட்டு, முகலாயப் பாணிக் குவிமாடங்களோடு இன்றைய தோற்றத்தைப் பெற்றது. நிலமும் வருவாயும் ஒழுங்காயின. ஆனால் தங்கள் சொத்தைத் தாங்களே ஆளும் உரிமையைச் சமூகம் இழந்தது. பள்ளியின் நிழலிலேயே வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. உள்ளுக்குள் ஒழுங்காகக் கணக்கு வைத்திருந்தால், வெளியிலிருந்து ஒருவர் வந்து கணக்குக் கேட்கும் நிலை வந்திராது. இன்று அச்சொத்துகள் பினாங்கு மாநில இஸ்லாமிய சமய மன்றத்தின் பொறுப்பில் இருக்கின்றன.

கப்பல் நின்றது

1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் மீது குண்டு பொழிந்தன. ஆங்கிலேய அதிகாரிகள் தம் இனத்தாரை மட்டும் இரவோடிரவாக ஏற்றிக்கொண்டு தீவைக் கைவிட்டுச் சென்றனர். டிசம்பர் 19ஆம் நாள் தீவு ஜப்பானியர் வசமாயிற்று. மூன்றரை ஆண்டுகள் கடிதமும் இல்லை, பணமும் இல்லை. கரையின் இருபுறத்திலும் குடும்பங்கள் தவித்தன.

போருக்குப் பின் கப்பல் மறுபடி ஓடியது. 1957 ஜனவரி 1இல் ஜார்ஜ் டவுன் மாநகராயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் மலாயா விடுதலை பெற்றது. போய்வந்து கொண்டிருந்தவர்கள் இனி எந்த நாட்டவர் என்று முடிவு செய்ய வேண்டியதாயிற்று. சிலர் குடியுரிமை பெற்றுத் தங்கினர்; சிலர் ஊர் திரும்பினர்; சில குடும்பங்கள் அக்கரையும் இக்கரையுமாகப் பிரிந்தன.

1969இல் ஜார்ஜ் டவுன் தன் சுங்கமில்லாத் துறைமுக உரிமையை இழந்தது. வரியில்லாப் பண்டங்களை நம்பியிருந்த வணிகம் தளர்ந்தது. சரக்குப் பெட்டிகளைக் கையாளும் பெருந்துறை எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்குப் போயிற்று. மூட்டை சுமந்தவரின் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. ஹஜ் பயணம் கப்பலிலிருந்து விமானத்துக்கு மாறியபோது ஆச்சே வீதியின் தங்கு விடுதிகளும் அமைதியாயின.

நெடுங்காலம் ஓடிய ‘ரஜூலா’ கப்பல் 1970களில் ஓய்வு பெற, அதனிடத்தில் ‘சிதம்பரம்’ வந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நம் மக்களை ஏற்றிச் சென்ற அக்கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியது. உயிர்கள் பலியாயின, கப்பல் பிறகு பயணிகளை ஏற்றவில்லை. அத்தோடு அந்தக் கடல்வழிப் பயணமும் முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலம் திறக்கப்பட்டது. கடல் வழியே உலகைப் பார்த்திருந்த நகரம் தரைவழியே திரும்பிக்கொண்டது.

வாடகையும் மரபுச் சிறப்பும்

துறைமுகம் போன பின்னும் மக்கள் அங்கேயே இருந்ததற்கு ஒரு சட்டம் காரணமாக இருந்தது. போருக்கு முந்திய கட்டடங்களின் வாடகையை உயர்த்தவிடாமல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தடுத்து வைத்திருந்தது. சிறு வாடகைக்குத் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தனர். கீழே கடை, மேலே வீடு. பள்ளிக்கு நடந்தே போகலாம். மறுபுறம், வருமானமில்லாத உரிமையாளர்கள் கட்டடங்களைப் பழுது பார்க்காமல் விட்டனர் என்பதும் உண்மை.

2000ஆம் ஆண்டின் முதல் நாளோடு அந்தக் கட்டுப்பாடு முற்றிலும் நீங்கியது. வாடகைகள் ஏறின. தையற்காரர், அச்சகத்தார், மூதாட்டி ஒருத்தியோடு வாழ்ந்த குடும்பம் எனப் பலரும் நகரின் புறத்தே எழுந்த அடுக்குமாடிகளுக்குப் போய்ச் சேர்ந்தனர். 2008 ஜூலை 7ஆம் நாள் யுனெஸ்கோ, மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஏறத்தாழ 260 ஹெக்டேர் பரப்பு பாதுகாக்கப்பட்டது. கட்டடத்தை இடிப்பது கடினமாயிற்று; அது நன்மை. ஆனால் சுற்றுலா பெருகியது, வீடுகள் விடுதிகளாயின, பலசரக்குக் கடைகள் இருந்த இடத்தில் காப்பிக் கடைகள் வந்தன. சுவரைக் காக்கச் சட்டம் இருக்கிறது. சுவருக்குள் வாழ்ந்தவரைக் காக்க அதே அளவு வலிமையுள்ள சட்டம் இல்லை.

வக்ஃபின் மதிப்பு இங்கேதான் விளங்குகிறது. தனியார் நிலம் விலைக்குப் போயிற்று. பள்ளியைச் சுற்றிய வக்ஃபு நிலம் விலைக்குப் போகவில்லை. இன்றும் அந்தச் சாலையில் நம்மவரின் நகைக்கடைகளையும் நாணய மாற்றுக் கடைகளையும் உணவகங்களையும் காணலாம். பழைய பிட் வீதி, ‘மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் சாலை’ என்று பள்ளியின் பெயரையே தாங்கி நிற்கிறது.

இன்றைய மஹல்லா

2009 முதல் சுவெட்டன்ஹாம் பாலத்துறையில் உல்லாசக் கப்பல்களுக்கான முனையம் இயங்குகிறது. ஒரு காலத்தில் தகரப்பெட்டியோடு நம் பாட்டனார் இறங்கிய கரையில், இன்று ஒளிப்படக் கருவியோடு சுற்றுலாப் பயணிகள் இறங்குகின்றனர். அவர்களில் பலர் பள்ளியைப் பார்க்க வருகின்றனர். இஸ்லாத்தைப் பற்றிக் கேட்க வாய்ப்பில்லாத ஒருவர் பள்ளியின் நிழலில் நின்று ஒரு கேள்வி கேட்பதும், அழகிய விடை பெற்றுச் செல்வதும் சிறிய காரியமல்ல.

ரமளானில் அங்கே நோன்புக் கஞ்சி காய்ச்சப்படுகிறது. நம் ஊரில் அஸருக்குப் பின் தூக்குவாளியோடு பிள்ளைகள் பள்ளிக்கு ஓடும் அதே கஞ்சிதான். மலாய்க்காரரும் தமிழரும் வழிப்போக்கரும் ஒரே பானையிலிருந்து பெற்றுச் செல்கின்றனர். அடுத்த தலைமுறையில் தமிழ் குறைந்து மலாயும் ஆங்கிலமும் ஓங்கியிருக்கின்றன. வீட்டில் தமிழ் நின்றாலும் மார்க்கம் நிற்கிறதே என்று சிலர் ஆறுதல் கொள்கின்றனர். பாட்டியின் துஆ எந்த மொழியிலிருந்ததோ அந்த மொழியும் ஓர் அமானிதம் அல்லவா என்று சிலர் கேட்கின்றனர். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

விடுமுறை நாட்களில் அவ்வீதிகளில் வங்கதேசம் முதலிய நாடுகளின் தொழிலாளர்களைக் காணலாம். ஊருக்குப் பணம் அனுப்பவும், தம் மொழியில் நான்கு வார்த்தை பேசவும், தம் ஊர்ச் சாப்பாட்டை உண்ணவும் வருகிறார்கள். குடும்பத்தை விட்டுவந்து, கடனை அடைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை முதல் வரிசையில் வந்து அமரும் அந்த இளைஞர்கள்தாம் இன்றைய சூலியாக்கள். அவர்களைச் சிலர் ஏளனமாகப் பார்க்கும்போது, நம் பாட்டனாரை அன்று எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

நம் வீடுகளுக்கான பாடம்

மனிதன் இறந்ததும் அவனுடைய அமல்கள் நின்றுவிடும். நிலையான தர்மமும், பயன்தரும் கல்வியும், அவனுக்காகப் பிரார்த்திக்கும் நல்ல பிள்ளையும் மட்டுமே தொடரும் என்பது நபிமொழியின் கருத்து. சூலியா வீதியில் இந்த மூன்றையும் கண்ணால் காணலாம். எத்தனையோ பெருவணிகர்களின் மாளிகைகள் கைமாறிவிட்டன. வக்ஃபாக விட்ட நிலம் மட்டும் இருநூறு ஆண்டுகளைத் தாண்டியும் பயன் தந்துகொண்டிருக்கிறது.

அதே வரலாறு எச்சரிக்கையும் செய்கிறது. வக்ஃபு செய்வது ஒரு நாள் காரியம். அதைக் காப்பது தலைமுறைகளின் காரியம். நாட்டின் சட்டம் ஏற்கும் வகையில் எழுதப்படாத சாசனம் நீதிமன்றத்தில் நிற்காது. கணக்குக் காட்டாத முத்தவல்லி எதிரியை விடப் பெரிய சேதத்தை உண்டாக்குவார். ஆகவே நம் மஹல்லாவின் வக்ஃபு சொத்துகள் எவை, அவற்றின் பத்திரங்கள் எங்கே, எல்லைகள் எவை, வாடகை எவ்வளவு என்பதை ஜமாஅத்தார் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை ஜும்ஆவுக்குப் பின் அதை வாசித்துக் காட்டினால் யாருக்கும் குறைவில்லை.

வசதி படைத்தோர் தம் சொத்தில் ஒரு கடையையோ ஒரு வீட்டையோ வக்ஃபாக்க எண்ணினால், பள்ளிக்கு மட்டுமின்றி, பள்ளியருகே ஏழைக் குடும்பங்கள் குறைந்த வாடகையில் குடியிருப்பதற்கென்றும் எழுதிவைக்கலாம். பள்ளியைச் சுற்றி வீடுகள் இல்லாமல் போனால் ஃபஜ்ரு ஜமாஅத்துக்கு வர ஆள் இருக்காது. ஜார்ஜ் டவுனில் கண்ட இந்த நிலை, நிலவிலை ஏறிவரும் நம் நகரங்களின் பழைய முஸ்லிம் தெருக்களுக்கும் நாளை வரக்கூடியதே.

இன்னொன்றும் உண்டு. நம் வீட்டுப் பெரியவர்களில் கப்பலேறிப் போனவர்களைப் பற்றி அறிந்தோர் இன்னும் சிலரே இருக்கின்றனர். பழைய கடவுச்சீட்டு, பணவிடைச் சீட்டு, அக்கரையிலிருந்து வந்த கடிதம் இவை பரணில் கரையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. அவற்றை எடுத்துத் துடைத்து, பெயரும் ஊரும் தெருவும் எழுதி வைப்போம். பிள்ளைகளை அருகில் அமர்த்திக் கதையைச் சொல்லிக் கொடுப்போம். பாட்டனாரின் பெயர் தெரிந்த பிள்ளைதான் அவருக்காகப் பெயர் சொல்லித் துஆ செய்ய முடியும்.

கடல் கடந்து போய், பெயர் தெரியாத மண்ணில் அடங்கியிருக்கும் நம் முன்னோர் அனைவரின் கப்ருகளையும் அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! அவர்கள் விட்டுச்சென்ற அமானிதங்களைக் காக்கும் தகுதியை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.